தேதி குறிப்பதற்கு முன் பெயர்களை எழுதுங்கள்: எரிசக்தித் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எரிசக்தி அமைச்சர்களுக்கும், திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கும், அதற்குக் கடன் கொடுக்கும் வங்கிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சூரிய மின்சாரத்துக்கோ காற்றாலைக்கோ எதிரி இல்லை. அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் கடிதம் எழுதினாலே, பழைய பிழைப்பைக் காப்பாற்ற வருகிறான் என்று நினைத்துவிடுகிறார்கள். நிலக்கரி கையாளும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். கரித்தூள் எங்கெல்லாம் புகும் என்று எனக்குத் தெரியும். சட்டைக் காலருக்குள், காது மடிப்பில், நகக்கண்ணில், வீட்டுத் தலையணை உறையில். சோப்புப் போட்டு இரண்டு முறை குளித்த பிறகும் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுக்கும். என்னோடு கரி கொண்டுபோகும் பெல்ட்டில் நின்றவர்களில் பலருக்கு ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நிலக்கரி போகட்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அவசரம் அதிகம்.

என் மனக்குறை உங்கள் தாள்களைப் பற்றியது. ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரம் நிறைய. எரிசக்தி மாற்றம் பற்றி அரசுகளும் வங்கிகளும் வெளியிடும் அறிக்கைகளைப் படிப்பது பழக்கமாகிவிட்டது. எத்தனை மெகாவாட், எந்த ஆண்டுக்குள், எத்தனை டன் கரியமில வாயு குறையும், யூனிட் என்ன விலைக்கு விழும் என்பதெல்லாம் புள்ளி பிசகாமல் இருக்கும். மனிதர்கள் தலைகாட்டுவதற்குள் கடைசி அத்தியாயம் வந்துவிடும். அங்கேயும் 'பாதிக்கப்படுவோர்', 'பயனாளிகள்', 'உள்ளூர்ச் சமூகம்' என்று கும்பலாக வருவார்களே தவிர, யார் எவர் என்று இருக்காது. நான் கேட்பது சின்ன விஷயம் போலத்தான் தெரியும். எந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். மூடும் தேதியையும் திறப்புவிழாத் தேதியையும் குறிப்பதற்கு முன்னால் பாருங்கள்.

வருகைப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த தாள் அதுதான். நான் வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு வாசல். பெரிய வாசலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நாங்கள் போவோம். பின்வாசலில் ஒரு மேசை, ஒரு நீள நோட்டு, அதற்குப் பின்னால் ஒப்பந்ததாரரின் ஆள். கன்வேயருக்கு அடியில் சிந்திய கரியை மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறவர்கள், சாம்பல் குழாய் அடைத்துக்கொண்டால் திறந்து விடுகிறவர்கள், பராமரிப்புக்காக நிலையம் நிற்கும்போது பாய்லருக்குள் இறங்கிச் சுரண்டுகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். ஒப்பந்ததாரர் மாறினால் நோட்டும் மாறும். பதினைந்து வருடம் அதே பெல்ட்டுக்கு அடியில் குனிந்த மனிதர், புது நோட்டில் முதல் நாள் வந்த ஆள் ஆகிவிடுவார். ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நாலு தடவை முதல் நாள் வந்துவிட்டது சார்." நிலையம் மூடப்படும்போது நிர்வாகம் கொடுக்கும் ஆள் கணக்கில் அந்த நோட்டு சேராது. சேர்த்தால் கணக்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகும்.

தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல்மின் நிலையத்தைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1961இல் ஓடத் தொடங்கியது. கடைசி அலகு 2022 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் அந்த நாட்டுக்கு 850 கோடி டாலர் தருவதாகச் சொல்லியிருந்தன. நிலையம் நின்ற சில நாட்களில் உலக வங்கி 49.7 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் பெரும்பகுதி கடன். பழைய வளாகத்தில் 150 மெகாவாட் சூரிய மின்சாரம், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி என்று திட்டம். தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் நிறுத்தினார்கள், பிறகு பணம் வந்தது, அதற்கும் பிறகுதான் கட்டுமானம். நிரந்தரப் பணியாளர்களை நிறுவனம் வேறு நிலையங்களுக்கு மாற்றிக்கொண்டது. நோட்டில் பெயர் இருந்தவர்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அவர்களை நம்பி வாசலில் கடை வைத்தவர்களும், அறை வாடகைக்கு விட்டவர்களும் எந்த நோட்டிலும் இல்லை. மூடுவதற்கு வெகு முன்பே மாற்று ஏற்பாடுகள் தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான், அந்த நாட்டு அதிபரின் காலநிலை ஆணையம் 2023இல் கோமாட்டியைப் பற்றிச் சொன்னதன் சாரம். சரி, பாடம் கற்றார்கள். கற்பதற்கு ஆன செலவை யார் கொடுத்தது?

முன்கூட்டியே செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பிரிட்டன் ஒரே நாட்டுக்குள் இரண்டு விதமாகவும் செய்து காட்டியது. 1984இல் சுமார் 20 சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. 20,000 வேலைகள் போகும் நிலை. ஓராண்டு நீண்ட வேலைநிறுத்தம் தோற்றது. அதன் பிறகு சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, அந்த ஊர்கள் இன்றுவரை முழுதாக எழுந்திருக்கவில்லை. அதே நாட்டில், நிலக்கரி மின்சாரத்தை 2025க்குள் நிறுத்துவோம் என்று 2015இலேயே சொல்லிவிட்டார்கள். கடைசியாக நின்றது ராட்கிளிஃப் நிலையம், 2024 செப்டம்பர் 30 அன்று. 1882இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம் 142 ஆண்டுகள் கழித்து அன்று முடிந்தது. கடைசி நாளில் இருந்த சுமார் 170 பேரோடும் அவர்களுடைய சங்கங்களோடும் பல வருடம் முன்பே பேசி, யாருக்கு ஓய்வு, யாருக்குப் பயிற்சி, யாருக்கு வேறு இடத்தில் வேலை என்று முடிவு செய்திருந்தார்கள். இதை ரொம்பப் புகழவும் வேண்டாம். 170 பேரை ஒழுங்காக வழியனுப்புவது சுலபம். லட்சக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களின் கணக்கை முந்தைய தலைமுறையிலேயே கசப்போடு முடித்துவிட்டார்கள். இருந்தாலும், ஒன்பது வருட அவகாசம் என்ன செய்யும் என்பதை அது காட்டுகிறது.

ஜெர்மனியின் ரூர் பகுதிக்கு இன்னும் நீளமான கதை. நாட்டின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் 1957இல் 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப் நகரில் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டபோது, மேலே கொண்டுவந்த கடைசிக் கரித்துண்டை நாட்டின் அதிபர் ஸ்டைன்மயர் கையில் கொடுத்தார்கள். முகமெல்லாம் கரியாக நின்று அதைக் கொடுத்தவர்கள் அழுததைப் படத்தில் பார்த்தேன், எனக்கும் கண் கலங்கியது. நிலக்கரியை வெறுக்கிறேன் என்று இப்போதுதான் சொன்னேன், இரண்டும் உண்மைதான். 2007இல் முடிவெடுத்து, 2018க்குள் மூடுவது, யாரையும் வெறுங்கையோடு தெருவில் விடுவதில்லை என்று எழுதிவைத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஓய்வு பெறுகிறவர்களின் எண்ணிக்கையை வைத்தே சுரங்கங்களைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அரசு கஜானாவிலிருந்து பெரும் பணம் போனது. எல்லா நாட்டிடமும் அந்தப் பணமும் இல்லை, அறுபது வருடமும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்பெயின் 2018 அக்டோபரில் சங்கங்களோடு செய்த ஒப்பந்தத்தின் அளவு 25 கோடி யூரோதான். 48 வயது தாண்டியவர்களுக்கும் 25 வருடம் வேலை செய்தவர்களுக்கும் முன்கூட்டிய ஓய்வு, மற்றவர்களுக்கு இழப்பீடும் பயிற்சியும், சுரங்கம் கிழித்த நிலத்தைச் சீர்செய்யும் வேலையில் முன்னுரிமை. பெரும்பாலான சுரங்கங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் மூடின. கையெழுத்து முதலில், பூட்டு பிறகு.

இந்த எண்ணம் ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவில் எண்ணெய், ரசாயன, அணுசக்தித் தொழிலாளர்களின் சங்கத்தில் இருந்த டோனி மசோக்கி, நச்சு மண்ணைச் சுத்தப்படுத்த அரசு ஒரு பெரிய நிதி வைத்திருக்கும்போது, வேலை இழக்கும் தொழிலாளிக்கும் அப்படி ஒரு நிதி வேண்டாமா என்று 1990களிலேயே கேட்டார். அவர் கேட்டதுதான் வளர்ந்து 'நியாயமான மாற்றம்' என்ற பெயரில் 2015இல் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையின் முன்னுரைக்குள் வந்தது. முன்னுரைக்குள். செயல்படும் பிரிவுகளுக்குள் இல்லை.

அப்புறம், புதிய வேலைகள். சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து எடுத்த கணக்குப்படி 2023இல் இந்தத் துறையில் 1.62 கோடிப் பேர் வேலை பார்த்தார்கள். ஒரே வருடத்தில் 25 லட்சம் கூடியிருக்கிறது. போகும் வேலையைவிட வரும் வேலை அதிகம் என்று நீங்கள் மேடையில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த 1.62 கோடியில் ஏறக்குறைய பாதி சீனாவில். சூரியப் பலகை செய்யும் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு நாட்டிடம். மூடும் வேலை ஓரிடத்தில், திறக்கும் வேலை வேறோரிடத்தில். கூட்டிக் கழித்தால் உலகத்துக்கு லாபம். வேலை இழந்த மனிதருக்கு அந்தக் கூட்டல் நடப்பதே இல்லை.

வேலையின் தன்மையும் வேறு. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் இருந்தார். கரி அரைக்கும் மில்லின் சத்தத்தைக் கேட்டே, ஈரக் கரி வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். மீட்டர் காட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் அவர் கை சுவிட்சுக்குப் போயிருக்கும். அந்தக் காதுக்குச் சூரியப் பூங்காவில் என்ன வேலை? அங்கே கட்டுமானம் நடக்கும் ஒன்றிரண்டு வருடம் ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்கள். கட்டி முடித்துவிட்டால் பலகை கழுவ, புல் வெட்ட, காவல் காக்கச் சிலர் போதும். சூரியனுக்கு ஷிஃப்ட் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. ஆனால் மின்தொகுப்பை, அதாவது மின்கம்பி வலையமைப்பை, சமநிலையில் வைத்திருக்கும் வேலையும் துணைமின் நிலைய வேலையும் பேட்டரி நிலைய வேலையும் கூடிக்கொண்டே போகின்றன. அந்தக் காதுக்கும் கைக்கும் அங்கே இடம் உண்டு, இரண்டு வருடம் முன்பே பயிற்சி தொடங்கினால். மூடிய மறுநாள் கொடுக்கும் மூன்று வாரச் சான்றிதழ் வகுப்பை மட்டும் தயவுசெய்து பயிற்சி என்று சொல்லாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் புதிய துறை பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. எண்ணெய், எரிவாயுத் துறையில் பெண்கள் 22 சதவீதம்தான். சூரிய மின்துறையில் சுமார் 40. எங்கள் பிரிவில் இருபது வருடத்தில் நான் பார்த்த பெண்கள் பெரும்பாலும் பின்வாசல் நோட்டில் இருந்தவர்கள்.

அடுத்த தாள், நிலப்பத்திரம். ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். அதனால் எல்லாத் திட்டக்காரர்களுக்கும் பிடித்த சொல் 'தரிசு'. தரிசு என்றால் யாரும் உழவில்லை என்றுதான் அர்த்தம், யாரும் வாழவில்லை என்று அர்த்தமில்லை. மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், குறுக்குவழியாகத் தண்ணீருக்குப் போகிறவர்கள் யாருடைய பெயரும் பத்திரத்தில் இருக்காது. இது ஏழை நாடுகளின் பிரச்சினை என்று நினைத்தால் நார்வேயைப் பாருங்கள். ஃபோசென் தீபகற்பத்தில் சாமி என்ற பழங்குடியினர் பனிமான் மேய்க்கும் குளிர்கால நிலத்தில் 151 காற்றாலைகள் நட்டார்கள். அந்த உரிமங்கள் செல்லாது, அந்த மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று 2021 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 500 நாள் கழித்து இளைஞர்கள் போய் அமைச்சகத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள். இரண்டு மேய்ச்சல் குழுக்களோடும் உடன்பாடு முடிய 2024 மார்ச் ஆகிவிட்டது. உலகத்திலேயே ஒழுங்கான நிர்வாகம் என்று பெயர் வாங்கிய நாட்டில் இந்தக் கதை. கட்டுவதற்கு முன்பே அந்த மேய்ப்பர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். முதலிலேயே கேட்டிருந்தால் காலமும் பணமும் மிச்சமாகியிருக்கும், மரியாதையும்.

நிலத்துக்குச் சொந்தக்காரர் இருந்தாலும், பார்ப்பதும் கேட்பதும் சுற்றி இருக்கும் எல்லோரும்தானே? டென்மார்க் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. புதிய காற்றாலை நட்டால், குறைந்தது 20 சதவீதப் பங்குகளை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும், அதிலும் 4.5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று 2008இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் நிற்கும் 20 காற்றாலைகளில் பாதி, 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தது. சாம்சோ என்ற தீவில் சுமார் 4,000 பேர். 1997இல் தொடங்கிப் பத்து வருடத்துக்குள், செலவழிக்கும் மின்சாரத்தைவிட அதிகமாகக் காற்றிலிருந்து எடுத்தார்கள்; காற்றாலைகளில் தீவுக்காரர்களே பங்குதாரர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காற்றாலை சத்தம் போடும், தன் காற்றாலை பாடும். மனித மனம் அப்படித்தான். பங்குப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போக மாட்டார். டென்மார்க்கின் அந்தச் சட்டத்துக்கும் ஓட்டை உண்டு, பங்கு வாங்கக் கையில் காசு வேண்டும். காசில்லாதவர் வீட்டு வாசலிலும் அதே நிழல்தான் விழும். 2020இல் அந்த விதியை எடுத்துவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போனார்கள். பங்கை விற்பதோடு, ஊருக்கே ஒரு பங்கை இலவசமாக எழுதிவைப்பதையும் யோசியுங்கள்.

மின்கட்டண ரசீதுக்கு வருகிறேன். இங்கே எல்லார் பெயரும் இருக்கிறது, அதுதான் சிக்கல். ஜெர்மனி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் சூரிய, காற்று மின்சாரத்துக்கு உறுதியான விலை கொடுத்தது. உலகம் முழுவதும் பலகை விலை சரிந்ததற்கு அந்த நாட்டுக் குடும்பங்கள் கொடுத்த காசும் ஒரு காரணம். நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் செலவை ரசீதில் தனி வரியாகப் போட்டார்கள். 2014இல் அது யூனிட்டுக்கு 6.24 சென்ட் வரை ஏறியது. மின்சாரம் அதிகம் தின்னும் பெரிய ஆலைகளுக்குப் பெருமளவு விலக்கு. கூரை வைத்திருந்தவர் பலகை மாட்டிக் காசு வாங்கினார், வாடகைக்கு இருந்தவர் அந்தக் காசைக் கட்டினார். 2022 ஜூலையில்தான் அந்த வரியை நீக்கி அரசு நிதியிலிருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

இப்போது பலகை மலிவு. அதனால் கதை தலைகீழாக மாறி இன்னும் மோசமாகிறது. பாகிஸ்தான் 2024இல் மட்டும் சுமார் 17 கிகாவாட் பலகைகளை இறக்குமதி செய்தது. அரசு திட்டம் போட்டுச் செய்ததில்லை இது. கட்டண உயர்வு தாங்காமல் வீடுகளும் ஆலைகளும் விவசாயிகளும் தாங்களாகவே மாட்டிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய அனல்மின் நிலையங்களுக்கு, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டுவதாக அரசு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கூரை உள்ளவர் மின்தொகுப்பிலிருந்து வாங்குவதைக் குறைக்கக் குறைக்க, அந்தக் கடனைச் சுமக்கும் தோள்கள் குறைகின்றன. மிஞ்சுவது மாடிக் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருப்பவர். கூரையில்லாத அவருடைய ரசீது ஏறிக்கொண்டே போகும். கூரைச் சூரிய மின்சாரத்தைத் தடுக்கச் சொல்லவில்லை, அது முட்டாள்தனம். வாடகைக்கு இருப்பவர் ஊர்ப் பொதுப் பலகையில் ஒரு பங்கு வாங்கி அதைத் தன் ரசீதில் கழித்துக்கொள்ள வழி செய்யுங்கள். கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகும் செலவைக் கம்பியைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் நேர்மையாக வாங்குங்கள். ராத்திரியில் தொகுப்பை நம்பியிருக்கும் பெரிய மாளிகையும் அதில் அடக்கம்.

வங்கிக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. புதிய சூரிய மின்நிலையங்களின் மின்சாரச் செலவு 2010இல் யூனிட்டுக்கு 46 அமெரிக்க சென்ட், 2023இல் 4.4 சென்ட். இவ்வளவு சரிந்த பிறகும் சூரியன் அதிகமாகக் காயும் நாடுகளில் பலகை குறைவாக இருப்பது ஏன்? அனல்மின் நிலையத்தில் செலவு மாதாமாதம் கரியாக வரும். சூரிய மின்நிலையத்தில் முழுச் செலவும் முதல் நாளிலேயே, கடனாக. வெயில் இலவசம், வட்டி இலவசமில்லை. வளரும் நாடுகளில் இந்தக் கடனின் விலை பணக்கார நாடுகளைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு. அதனால்தான் உலகின் சிறந்த சூரிய வளத்தில் 60 சதவீதம் வைத்திருக்கும் ஆப்பிரிக்காவிடம் நிறுவப்பட்ட சூரிய மின்திறனில் சுமார் 1 சதவீதம்தான் இருக்கிறது. ஆபத்து அதிகம் என்கிறீர்கள். அந்த ஆபத்தில் ஒரு பகுதி தாமதத்தால் வருவது. கென்யாவில் துர்கானா ஏரிக்கருகே 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 2017இல் தயார். மின்சாரத்தை எடுத்துப் போகும் கம்பி வந்துசேர 2018 ஆனது. சும்மா நின்ற காற்றாலைக்கு அந்த நாட்டு மக்கள் அபராதம் கட்டினார்கள்.

எந்தத் தாளிலும் பெயரில்லாதவர்கள் இருக்கிறார்கள். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட் என்ற உலோகத்தில் உலக உற்பத்தியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. கோல்வேசி வட்டாரத்தில் கம்பெனிச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே கடப்பாரையோடு தனி ஆட்கள் குழி தோண்டுகிறார்கள், சிறுவர்களும் அதில் உண்டு. அவர்கள் கூடையில் வரும் கல் வியாபாரிகளிடம் கைமாறி, உருக்காலையில் மற்றதோடு கலந்துவிடுகிறது. கலந்த பிறகு எது யாருடைய கல் என்று யாராலும் சொல்ல முடியாது. என் காது மடிப்புக் கரித்தூளை ஒழித்துவிட்டு இன்னொருவர் காதில் வேறு தூளைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. கோபால்ட் தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வேகமாகப் பரவுகின்றன, நல்லதுதான். அதோடு அந்தத் தோண்டுபவர்களின் பிழைப்பும் போகும் என்பதையும் உங்கள் கணக்கில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் என்று புகையும் அடுப்பில் இன்னும் சுமார் 210 கோடிப் பேர் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சுழலும் அந்தப் புகையால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார அமைப்பின் கணக்கு. அதில் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள் 2.37 லட்சம். எந்த இறப்புச் சான்றிதழிலும் 'புகை' என்று எழுதியிருக்காது, நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோதான் இருக்கும். அனல்மின் நிலையப் புகைக்கும் அதே கதை. நிலையம் மூடினால் நிர்வாகத்தின் நஷ்டம் மறுநாளே பேப்பரில் வரும். ஆஸ்பத்திரியில் குறைந்த படுக்கைகள் யார் கணக்கிலும் வராது. மாற்றத்தின் பெரிய லாபம் அங்கேதான் இருக்கிறது, அதை ரூபாயிலும் டாலரிலும் எழுதச் சொல்லி உங்கள் பொருளாதார நிபுணர்களைக் கேளுங்கள்.

வங்காளதேசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2003 முதல் தவணைக் கடனில் 41 லட்சம் வீடுகளுக்குச் சின்னச் சூரிய விளக்கு அமைப்பு போனது, சுமார் 2 கோடிப் பேருக்கு வெளிச்சம். மண்ணெண்ணெய் விளக்கு அணைந்தது, பிள்ளைகள் இருமாமல் படித்தார்கள். அப்புறம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக மின்கம்பி வந்துவிட்டது, இலவசமாகப் பலகை கொடுக்கும் இன்னொரு அரசுத் திட்டமும் வந்தது. தவணை கட்டிக்கொண்டிருந்தவர் கட்டுவதை நிறுத்தினார், பலகை விற்றுப் பழுது பார்த்துப் பிழைத்த இளைஞர்கள் வேலை இழந்தார்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியிலும் மூடும் தேதி உண்டு. யாருக்கும் அதைச் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

இனி நான் கேட்பவை. நீங்கள் கையெழுத்திடும் அடுத்த திட்டத்தில் மெகாவாட் அட்டவணைக்கு முந்திய பக்கத்தில் ஓர் இணைப்பைக் கேளுங்கள். பின்வாசல் நோட்டையும் சேர்த்து எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, இன்னும் எத்தனை வருடம் வேலை பாக்கி, அந்த வருடங்களுக்கு என்ன ஏற்பாடு என்று அதில் இருக்கட்டும். நிலத்துக்குப் பத்திரம் வைத்திருப்பவரோடு, அதைப் பயன்படுத்துபவரும் கையெழுத்துப் போட்டிருக்கட்டும். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நிலக்கரியிலிருந்து வந்த வரி நின்றால் பள்ளிக்கூடத்துக்கும் தெருவிளக்குக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதியிருக்கட்டும். அந்த இணைப்பு காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். மெகாவாட் தப்பாக இருந்தால் அனுப்புவீர்கள்தானே?

நாலு தடவை முதல் நாள் பார்த்த அந்த மனிதரை ஆறு மாதம் முன்பு சந்தித்தேன். ஒரு சூரியப் பூங்காவில் பலகை கழுவுகிறார். வேலை சுத்தமாக இருக்கிறது, இருமல் குறைந்திருக்கிறது என்றார். எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன். வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு என்றார்.

இப்படிக்கு,
நிலக்கரி கையாளும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன்